வெறுமையாக வந்த சாப்பாட்டுப் பெட்டி

மனைவி ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் குசினி என் பொறுப்பில் இருக்கிறது. தர்மபுரத்துப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் விடிவதற்கு முன்பே பெருந்தெருவில் வந்து கோர்ன் அடிக்கும். அவள் தேத்தண்ணியைக் குடித்தும் குடிக்காமலும் ஓடுவாள். அதற்குப் பிறகு மகளை எழுப்புவது, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னுவது, சாப்பாடு கட்டுவது, சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது எல்லாம் என் பாடு. வயல் வேலை செய்கிறவனுக்கு வெள்ளென எழும்புவது ஒன்றும் புதினமில்லை. ஆனால் நெற்பயிர் ஒருநாளும் என்னைப் பார்த்து, “அப்பா, எனக்கு இது வேண்டாம்” என்று சொன்னதில்லை.

முதலில் நான் சுகமான வழியைத்தான் பிடித்தேன். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவை மறித்து இரண்டு பணிஸ், இல்லாவிட்டால் ரோல்ஸ் வாங்குவேன். ஓட்டோவைத் தவறவிட்டால் நூடில்ஸ். மகளுக்குப் பெரிய சந்தோசம். அம்மாவைவிட அப்பா நன்றாகச் சமைக்கிறார் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். பாண்காரனின் கைப்பக்குவத்துக்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. நானும் மறுக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தல் வந்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். வகுப்பு நிறையப் பெண்கள். ஒரேயொரு ஆம்பிளை நான். பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட ஒடுங்கிக்கொண்டு இருந்தேன். வகுப்பாசிரியை நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு எங்களைப் பார்த்துக் கொஞ்சம் காரமாகவே கதைத்தார்.

“இண்டர்வலுக்குப் பிள்ளையளின்ர பெட்டியைத் திறந்து பாத்தால் எல்லாம் மாவும் எண்ணெயும்தான். அதைத் திண்டுபோட்டு மேசையில படுக்கினம். இனிப் பணிஸ், ரோல்ஸ், நூடில்ஸ் ஒண்டும் வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு குடுத்துவிடுங்கோ. மரக்கறி இல்லாத பெட்டி என்ர வகுப்புக்குள்ள வரக்கூடாது.”

எங்கள் பக்கத்தில் மரக்கறி என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சந்தைக்குப் போனால் அது கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பயித்தங்காயும். வீட்டுக்கு வந்தால் அது விரதம். “இண்டைக்கு உங்கட வீட்டில மரக்கறியோ, மச்சமோ?” என்று ஒருவர் கேட்டால், காய்கறி சமைத்தீர்களா என்பது அல்ல கேள்வி. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எல்லாம் சேர்த்து மச்சம். அவை இல்லாதது மரக்கறி. வெள்ளிக்கிழமை மரக்கறி, கோயில் கொடியேறினால் மரக்கறி, திவசம் வந்தால் மரக்கறி. அந்த ஆசிரியையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்ன மரக்கறி எது என்பதில் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் மச்சம் கொண்டு வரவேண்டாம் என்கிறார், நல்லது, பிள்ளைகள் சைவமாக வளரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எழும்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அத்தனை பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாளே சட்டத்தை அமுல்படுத்தினேன். பணிஸ், ரோல்ஸோடு இடைக்கிடை வைக்கிற முட்டையையும் நிறுத்தினேன். நெத்தலிக் கருவாட்டுப் பொரியலை நிறுத்தினேன். வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், மேலே இரண்டு அப்பளம். மறுநாள் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், மோர்மிளகாய். அதற்கு மறுநாள் திரும்பவும் உருளைக்கிழங்கு. என் கணக்கில் உருளைக்கிழங்கும் மரக்கறி, அப்பளமும் மரக்கறி. மகளும் வாய் பேசாமல் சாப்பிட்டாள். பொரியலை எந்தப் பிள்ளை வேண்டாமென்று சொல்லும்? பெட்டிக்கு ஒரு சமையல், வீட்டுக்கு ஒரு சமையல் என்று இரண்டு தடவை சட்டி கழுவ எனக்குப் பஞ்சி. அதனால் வீடும் கொஞ்சம் கொஞ்சமாக மரக்கறியாகிவிட்டது.

“என்னப்பா, வீட்டில விரதம் ஏதும் தொடங்கிட்டீங்களோ?” என்று ஒரு பின்னேரம் மனைவி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நானெங்க தொடங்கினன்? பள்ளிக்கூடத்துச் சட்டம்.”

“சட்டம் பிள்ளைக்குத்தானே. எனக்குமோ?”

“நீரும் கொஞ்ச நாளைக்குப் புண்ணியம் தேடும்” என்றேன். நாள் முழுக்க மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டு வந்தவள், சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். நான் அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மற்ற அப்பாமாருக்கும், “மச்சம் குடுத்துவிடாதேங்கோ, ரீச்சருக்குப் பிடிக்காது” என்று இலவசமாக ஆலோசனை வழங்கினேன்.

மகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளுக்கு நடக்கத் தெரியாது. ஓடத்தான் தெரியும். கடைக்கு அனுப்பினால் ஓடுவாள், கிணற்றடிக்கு ஓடுவாள், கோபித்துக்கொண்டு போனாலும் ஓடித்தான் போவாள். வீட்டு முற்றத்தில் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு, தனியாக ஓடி, தனியாக வென்று, தனக்குத் தானே கைதட்டுவாள். அந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றருக்கு அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லவும் பெருந்தெருவிலிருந்து வயல் வரைக்கும் ஓடித்தான் வந்தாள். என் பிள்ளை ஒன்றுக்காக அப்படி ஆசைப்பட்டதை அதற்கு முதல் நான் கண்டதில்லை.

பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நாளில், வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு மாறிவிட்டுக்கொண்டு நின்றபோது பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மகள் திடலில் மயங்கி விழுந்துவிட்டாளாம். மண்வெட்டியைப் போட்டது போட்டபடி, காலில் சேற்றோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போய்ப் பார்த்தால் மரத்தடி வாங்கில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற சிநேகிதி ஒரு கொப்பியால் விசிறிக்கொண்டு நின்றாள். என் மகளின் உதடு வெளிறிக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் பின்னல் பின்னுகிற நான் முன்னுக்கு வந்து அந்த முகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார் டொக்டர். குளிசை எழுதித் தந்தார். திரும்பச் சோதித்து, போதுமென்று தான் சொல்லும்வரை ஓட்டம் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊசி குத்தும்போது கண்ணை மூடித் திறந்த மகள், அதைக் கேட்டதும் விம்மி விம்மி அழுதாள். நல்லகாலம், அந்தக் கிழமை பிடித்த மழையில் திடல் முழுக்கத் தண்ணீர் நின்று, போட்டியை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் இரத்தம் கூடினால் ஓடலாம். கூடாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கவேண்டியதுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க எங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் அனுப்பினார்கள். ஊரில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவிக்குப் பிள்ளைப்பேறு பார்த்த காலத்திலிருந்து எங்கள் வீட்டை அறிந்தவர்.

“பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?” என்று கேட்டார்.

“முழுக்க மரக்கறிதான் மிஸ்” என்றேன். எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

“நல்லது. என்ன கீரை குடுக்கிறனீங்கள்?”

“கீரை... கீரை பிள்ளை தின்னாது மிஸ்.”

“பயறு, கடலை, கௌபி?”

“அதுகள் ஊறப்போட மறந்துபோடுவன்.”

“அப்ப என்ன மரக்கறி குடுக்கிறியள்?”

“உருளைக்கிழங்குப் பொரியல். அப்பளம். இடைக்கிடை மோர்மிளகாய்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். “முட்டை, மீன்?”

“அதெல்லாம் நிப்பாட்டிப்போட்டன். பள்ளிக்கூடத்தில மரக்கறி மட்டும்தான் குடுக்கவேணும் எண்டு சொன்னவை.”

மிஸ் முதலில் கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “அண்ணை, அவா சொன்னது காய்கறியை. கீரையை. மச்சத்தை நிப்பாட்டச் சொல்லி ஆர் சொன்னது? நீங்கள் பிள்ளைக்கு வருசம் முழுக்கக் கந்தசட்டி விரதம் பிடிச்சிருக்கிறியள்” என்றார். மகளும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அந்த ஆசிரியை மேல் கோபம், ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து வைத்த தமிழ் மேல் கோபம், அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிய என் மேல் பெரிய கோபம்.

பிறகு அவர் ஆறுதலாகச் சொல்லித் தந்தார். ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு இலைவகை, ஏதாவதொரு பருப்பு வகை, முட்டையோ நெத்தலியோ ஒரு துண்டு. மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் உடம்பு அதை நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது, அது பிடிக்கவிடாது. இவ்வளவுதான். இதில் கடையில் வாங்கவேண்டியது என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வேலியில் நிற்கிற முருங்கையின் இலையை அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஆடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் களத்தில் இறங்கினேன். இரவே பயறு ஊறப்போட்டேன். குரக்கன் மாவை வறுத்துப் புட்டு அவித்தேன். முருங்கை இலையை உருவி, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். பெட்டியில் கறுத்தப் புட்டு, பக்கத்தில் பச்சை வறை, ஓரத்தில் பாதி அவித்த முட்டை. பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

பின்னேரம் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. முட்டை மட்டும் இல்லை.

“எல்லாரும் மண் புட்டு எண்டு நக்கலடிக்கினம் அப்பா. கீரை பல்லுக்குள்ள நிக்குது. கதைக்கேக்க எல்லாரும் பாத்துச் சிரிக்கினம்.”

மறுநாள் கௌபி. அது அரைவேக்காடு என்று வந்தது. அதற்கு மறுநாள் கீரைப் புட்டு. அதுவும் வந்தது. புத்தகப் பைக்குள் பெட்டி கிடக்கிற சத்தத்தை வைத்தே, நிறைந்து வருகிறதா வெறுமையாக வருகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரிந்துவிட்டது. வந்ததை எல்லாம் பின்னேரத்தில் நானே இருந்து தின்றேன். அந்தக் கிழமையில் இரத்தம் கூடியிருந்தால் எனக்குத்தான் கூடியிருக்கும். ஒருநாள் பொறுமை விட்டுப்போய், “உனக்கு ஓட விருப்பமில்லையெண்டால் சொல்லு, நானும் இந்த அடுப்புக்குள்ள தலையை விடாமல் இருக்கிறன்” என்று கத்திவிட்டேன். அவள் ஓடிப்போய்ச் சாமியறைக்குள் இருந்துகொண்டாள்.

மனைவி வேலையால் வந்து விசயத்தைக் கேட்டாள். “பிள்ளையோட சண்டை பிடிச்சால் கீரை இறங்குமோ? நாளைக்கும் கட்டிக் குடுங்கோ. தின்னாட்டிக் கொண்டு வரட்டும். நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ” என்றாள். எனக்கு அது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் குரக்கன் புட்டையே திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கூட ஆகியிருக்காது. பெட்டி வெறுமையாக வந்தது. நான் நம்பவில்லை. நாய்க்குக் கொட்டினாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, மனைவி சொன்னதை நினைத்து விழுங்கிக்கொண்டேன். மறுநாளும் வெறுமை. அதற்கு மறுநாள் பெட்டியின் மூலையில் ஒரு பருக்கைகூட இல்லை, வழித்துச் சாப்பிட்ட அடையாளம் இருந்தது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியாது. பயறு போட்டுப் புட்டு, முருங்கையிலை போட்ட முட்டைப் பொரியல், வாழைப்பூ வறை, பூசணிக்காயும் நெத்தலியும் என்று நாளுக்கொன்றாகக் கட்டினேன். சோற்றுக்குச் சிவப்பு அரிசி. ஒரு மூலையில் தேசிக்காய்த் துண்டு, இல்லாவிட்டால் உப்புப் போட்ட நெல்லிக்காய். உரக்கடையில் உரம் வாங்க நிற்கும்போதுகூட, பிள்ளைகளைக் கீரை தின்னப் பண்ணுவது எப்படி என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பாடம் எடுத்தேன். மகளிடமும் கேட்பேன்.

“இண்டைக்குப் புட்டு எப்பிடி?”

“நல்லாயிருந்துதாம்.”

“உப்புக் காணுமோ?”

“நாளைக்குக் கேட்டுச் சொல்லுறன்.”

பிள்ளை வாய்தடுமாறிச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள், “அப்பா, பயறு இன்னும் கொஞ்சம் கூடப் போடட்டாம்” என்றாள். எனக்குச் சந்தோசத்தில் காது அடைத்திருந்தது போல. போடட்டாம் என்றால் யார் சொல்லி என்று கேட்கத் தோன்றவில்லை.

முகத்தில் நிறம் வந்தது. உதடு சிவந்தது. பின்னேரத்தில் வந்து சுருண்டு படுப்பதை விட்டுவிட்டு முற்றத்தில் திரிந்தாள். இரண்டாம் தடவை இரத்தம் சோதித்தபோது டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, “ஓடலாம்” என்று ஒரு சொல் சொன்னார். மகள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஓடத் தொடங்கினாள். நான் மிஸ்ஸிடம் போய், “பாத்தீங்களோ மிஸ், என்ர கைச்சமையல்” என்றேன். “குளிசையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் அண்ணை” என்று அவர் சிரித்தார். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. திடல் காய்ந்து தூசி பறந்தது. ஒலிபெருக்கி விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. மனைவிக்கும் அரை நாள் லீவு கிடைத்திருந்தது, பின்னேரம்தான் வந்து சேருவாள். நான் பெற்றோருக்குப் போட்ட கொட்டிலின் நிழலில் நின்றேன். அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலத்திக்கொண்டு என்னிடம் வந்தார். அன்றைக்கு மகளுக்குக் கொப்பியால் விசிறிய சிநேகிதியின் தாய். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அந்தப் பேச்சும் எங்கள் பேச்சும் அவரிடம் கலந்து வரும். வாசலில் கண்டிருக்கிறேனே தவிர, அதற்கு முதல் கதைத்ததில்லை.

“அண்ணே, ஒங்கள எப்ப பாக்கிறதுன்னு இருந்தேன். ரொம்ப நன்றிண்ணே. ஒங்க குரக்கன் புட்டுன்னா எம் மகளுக்கு உசிரு. இப்பதான் புள்ள ஒழுங்கா சாப்பிட்டு ஒடம்பு தேறியிருக்கு.”

“என்ர புட்டோ? உங்கட மகள் எங்க சாப்பிட்டவா?” என்று கேட்டேன்.

அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். “ஐயோ, சொல்லக்கூடாதுன்னு ஒங்க மக எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்திச்சு. மறந்துபோய் வாய விட்டுட்டேன்.”

பிறகு மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தினமும் மகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து விடுவார். தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய மா ரொட்டி. விடிய வேறொருவரின் தோட்டத்துக்கு வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் போகிறவருக்கு அதுதான் கெதியில் முடிகிற வேலை. பிள்ளைகள் அவளுக்கு ‘ரொட்டி’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அந்த வெட்கத்தில் அவள் பெட்டியைத் திறப்பதே இல்லை. பசியோடு இருந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாளாம். பக்கத்தில் இருந்த என் மகளோ மண் புட்டைத் திறக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் இரண்டு பேரும் பெட்டியை மாற்றிக்கொண்டார்கள். ரொட்டி என் மகளுக்குப் பிடித்தது, புட்டு அவளுக்குப் பிடித்தது. தன்னுடைய சாப்பாடு இல்லை என்றதும் மற்றவர்களின் கேலி இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

“அப்ப என்ர பிள்ளை இவ்வளவு நாளும் உங்கட ரொட்டியோ சாப்பிட்டது?”

“ஓம்ணே. எம் மக வந்து சொன்னா, அந்தப் புள்ளைக்கு ரத்தம் இல்லையாம், ஏறாட்டி ஓட விடமாட்டாங்களாம்னு. எனக்கு மனசு கேக்கல. வெறும் ரொட்டிய எப்பிடிக் குடுக்கிறது? முருங்கை இலைய அரிஞ்சு மாவுக்குள்ள போட்டு, நெத்தலிய வறுத்துப் பொடிச்சுப் போட்டு, ஒரு முட்டையும் ஒடச்சு ஊத்திப் பெசஞ்சு சுட்டேன். கீரை தின்னாதுன்னு தெரியும், ஆனா ரொட்டிக்குள்ள இருந்தா தெரியாதில்ல. எனக்குத் தெரிஞ்சது அதுதாண்ணே.”

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எத்தனை விடியற்காலை அடுப்பு ஊதினேன், எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேன். அந்தச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட என் பிள்ளையின் வயிற்றுக்குள் போகவில்லை. என் பிள்ளையின் உதட்டைச் சிவக்கவைத்தது, ஒரு நாள்கூட நான் கதைத்தறியாத ஒரு பெண், விடிந்தால் கூலி வேலைக்கு ஓடவேண்டிய ஒரு பெண், தன் வீட்டு முட்டையை உடைத்து ஊற்றிச் சுட்ட ரொட்டி. யாரும் கேட்காமல் செய்தார். யாருக்கும் சொல்லாமல் செய்தார். நான் நன்றி சொல்ல வாய் திறப்பதற்கு முதல் அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டார்.

“தங்கச்சி...” என்று தொடங்கினேன்.

“ஒங்ககிட்ட ஏன் சொல்லலன்னு தெரியுமாண்ணே?” என்றார் அவர். “நான் ஒங்க மகள்கிட்ட கேட்டேன். ‘அப்பா விடிய எழும்பித் தனியச் செய்யிறவர் அன்ரி, தான் செய்ததை நான் சாப்பிட்டுத்தான் சுகம் வந்தது எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறார், அவர்ர முகம் வாடினால் எனக்குத் தாங்காது’ன்னு அப்பிடியே சொன்னிச்சு.”

அந்த நேரம் பார்த்து நூறு மீற்றருக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். மகள் கோட்டில் வந்து நின்றாள். வெடிச் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கியிருந்ததால் ஓட்டத்தின் முதல் பாதியை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான், “ஓடும்மா, ஓடு, ஓடு” என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மகள் மூன்றாவதாக வந்து கயிற்றைத் தாண்டினாள். தாண்டிய பிறகும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே எங்களிடம் வந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்க வாங்க, “அப்பா, கோவமோ?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா” என்றேன். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தூக்கக்கூடிய வயது இல்லை, நல்ல பாரமாகத்தான் இருந்தாள். அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருந்தது.

பின்னேரம் மனைவி வந்து சேர்ந்ததும் விசயத்தைச் சொன்னேன். அவள் நேரே போய் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நின்றேன். என்னால் முடியாததை அவள் செய்தாள் என்பது மட்டும் நிம்மதியாக இருந்தது.

இப்போதும் பெட்டி மாறித்தான் போகிறது. ஒளிக்காமல் மாறுகிறது. எங்கள் வீட்டுக் கோழி இடுகிற முட்டையில் பாதி அந்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ரொட்டிக்குள் ஏறி என் மகளிடம் வரும். அந்தப் பிள்ளைக்குப் பயறு பிடிக்கும், உறைப்புப் பிடிக்காது, வறையில் தேங்காய்ப்பூ கூடவேண்டும். விடிய அடுப்படியில் நிற்கும்போது இப்போது எனக்கு அந்த முகமும் நினைவில் இருக்கிறது. யார் வயிற்றுக்குப் போகிறது என்று தெரிந்து சமைப்பதில் கை இன்னும் கொஞ்சம் கவனமாகிறது.

போன கிழமை ஒரு காலை, பின்னல் பின்னிக்கொண்டிருந்தபோது மகள் திரும்பாமலே கேட்டாள்.

“அப்பா, இண்டைக்குப் புட்டுக் கொஞ்சம் கூடக் கட்டுவீங்களோ?”

“ஏன், அவவுக்குக் காணாதாமோ?”

“இல்லை. எனக்கும் வேணும்.”

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய், முருங்கையில் இன்னொரு கொப்பு முறித்தேன்.